லிட்டில் ராக் சென்ட்ரல்: ஓர் அமெரிக்கப் பொதுப் பள்ளியின் கதை

"அமெரிக்காவில் பப்ளிக் ஹை ஸ்கூல் என்கிறார்களே, அது நம் ஊர் அரசுப் பள்ளி போன்றதா? ஏதாவது ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு முழுதாக விளக்குங்களேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொள்வது ஆர்கன்சாஸ் மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில் உள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. அதைவிடப் பெரிய பள்ளிகள் அந்நாட்டில் உண்டு. தேர்வு முடிவுகளில் அதை முந்தும் பள்ளிகளும் உண்டு. ஆனால் பொதுப் பள்ளி என்பதில் உள்ள அந்தப் 'பொது'வுக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி அந்தப் பள்ளியின் வாசலில்தான் துப்பாக்கிகளுக்கு நடுவே எழுந்தது. கட்டி நூறாண்டை நெருங்கும் அந்தக் கட்டடத்தில் இன்றும் காலையில் மணி அடிக்கிறது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் பெயர்ப் பலகையில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருந்தால் அது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். அமெரிக்காவில் அந்தச் சொல்லின் பொருள் நேர்மாறானது. அங்கே அது மக்கள் வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் இல்லாதது, தன் எல்லைக்குள் குடியிருக்கும் எந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது. அந்த வகையில் நம் அரசுப் பள்ளிக்கு நெருக்கமானதுதான். ஆனால் நிர்வாகத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் பள்ளிகளைச் சென்னையிலிருந்து கல்வித் துறை நடத்துகிறது. ஆசிரியர் நியமனம், மாறுதல், பாடநூல் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. அமெரிக்கப் பள்ளியை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற உள்ளூர் அமைப்பு. நம் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லிட்டில் ராக் இருக்கும் புலாஸ்கி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு) மட்டும் நெடுங்காலம் மூன்று பள்ளி மாவட்டங்கள் அருகருகே இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு கல்வி வாரியம் உண்டு. அந்த வாரியம் ஒரு கண்காணிப்பாளரை வேலைக்கு அமர்த்துகிறது. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும், புதுப் பள்ளி கட்டுவதும், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று கோடு போடுவதும் அவர்கள் கையில் இருக்கின்றன.

பணத்தில் கணிசமான பங்கு சொத்து வரியிலிருந்து வருகிறது. அந்த வரியை 'மில்' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். மதிப்பிட்ட சொத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். வசதியான ஊரின் பள்ளிக்குப் பணம் கொழிப்பதும், ஏழை ஊரின் பள்ளி கூரை ஒழுக நிற்பதும் இந்த ஏற்பாட்டோடு பிறந்த குறைகள். ஆர்கன்சாஸில் 1996இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, எல்லாப் பள்ளி மாவட்டங்களும் குறைந்தது 25 மில் வரி விதிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மாநில அரசும் மத்திய அரசும் மீதியை நிரப்புகின்றன. ஆனாலும் 'இது எங்கள் ஊர்ப் பள்ளி, எங்கள் வரியில் நடப்பது' என்ற உணர்வு அங்கே மிக ஆழமானது. அந்த உணர்வு ஒரு பள்ளியை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும், எவ்வளவு கொடுமைக்கும் துணைநிற்கும் என்ற இரண்டையும் சென்ட்ரலில் பார்க்கலாம்.

கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன். 1927இல் 15 லட்சம் டாலர் செலவில் அதைக் கட்டினார்கள். அப்போது அதன் பெயர் லிட்டில் ராக் சீனியர் உயர்நிலைப் பள்ளி. 1953இல்தான் சென்ட்ரல் என்று மாற்றினார்கள். மஞ்சள் பழுப்புச் செங்கல்லும் கல் அலங்காரமுமாக இரண்டு தெரு நீளத்துக்கு நீண்டு, நடுவில் உயர்ந்து, இருபுறமும் சிறகு விரித்தாற்போல் மடிந்து நிற்கும் கட்டடம் அது. முன்னால் ஒரு நீர்த்தடாகம், இருபக்கமும் ஏறிவரும் படிக்கட்டுகள். தலைவாயிலுக்கு மேலே நான்கு சிலைகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்கள் இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். அமெரிக்காவின் மிக அழகான உயர்நிலைப் பள்ளி என்று அன்றைய கட்டடக் கலைஞர்கள் அதைப் புகழ்ந்தார்கள். பெரிய நகரமாக இல்லாத ஓர் ஊர், தன் பிள்ளைகளின் படிப்புக்காக இப்படி ஒரு மாளிகையைக் கட்டியது பெருமைக்குரியதுதான். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 'தன் பிள்ளைகள்' என்றபோது அந்த ஊர் வெள்ளையினப் பிள்ளைகளை மட்டுமே எண்ணியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929இல் பால் லாரன்ஸ் டன்பர் என்ற கவிஞரின் பெயரில் வேறொரு பள்ளி திறந்தார்கள். சென்ட்ரலை வடிவமைத்தவர்களில் சிலரே அதையும் வரைந்தார்கள். அதனால் பார்ப்பதற்குச் சென்ட்ரலின் தங்கை போல இருக்கும். அதன் செலவு ஏறத்தாழ 4 லட்சம் டாலர். அதிலும் ஒரு பகுதி, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவிவந்த ரோசன்வால்ட் அறக்கட்டளையின் நன்கொடை. சென்ட்ரலில் பழையதாகிப்போன பாடநூல்கள் டன்பருக்கு வந்து சேர்ந்ததை அங்கே படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் டன்பர் நல்ல பள்ளியாகப் பெயரெடுத்தது. வேறு வேலைகளில் நுழைய இடமில்லாத படித்த கறுப்பின ஆண்களும் பெண்களும் அங்கே ஆசிரியர்களாக வந்தது அதற்கு ஒரு காரணம். கறுப்பின மக்களும் வரி கட்டினார்கள். ஆனால் அந்தப் பணத்தில் எழுந்த மாளிகையின் படியில் கால்வைக்க அவர்களுடைய பிள்ளைகளுக்கு உரிமை இல்லை.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் கல்வி வாரியம் அதற்கு இணங்குவதாகச் சில நாட்களிலேயே அறிவித்தது. கண்காணிப்பாளர் வர்ஜில் பிளாசம் ஒரு திட்டம் தீட்டினார். அது முதலில் பரந்த திட்டமாக இருந்தது. பின்பு சுருங்கிச் சுருங்கி, 1957இல் சென்ட்ரலில் மட்டும் கறுப்பின மாணவர் சிலரைச் சேர்ப்பது என்ற அளவுக்கு வந்து நின்றது. அதே 1957இல் ஊரின் மேற்குப் பகுதியில், வசதி படைத்த வெள்ளையினக் குடும்பங்கள் வாழும் இடத்தில், ஹால் உயர்நிலைப் பள்ளி என்ற புதுப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே ஒரு கறுப்பின மாணவர்கூட அனுப்பப்படவில்லை. ஊரின் பெரிய மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, சேர்ந்து படிக்கும் சோதனையைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் சென்ட்ரலின் தலையில் ஏற்றினார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. 1957இல் தெருவில் கூடிய கும்பலின் வெறிக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்த வெறிக்கு எண்ணெய் ஊற்றியதில் இந்த வர்க்கக் கணக்குக்கும் பங்கு உண்டு.

சேர விண்ணப்பித்தவர்களில் பலரை வடிகட்டி, பலர் பின்வாங்கி, இறுதியில் எஞ்சியவர்கள் ஒன்பது பேர். எர்னஸ்ட் கிரீன், எலிசபெத் எக்ஃபோர்ட், மினிஜீன் பிரவுன், மெல்பா பட்டில்லோ, டெரன்ஸ் ராபர்ட்ஸ், கார்லொட்டா வால்ஸ், ஜெஃபர்சன் தாமஸ், குளோரியா ரே, தெல்மா மதர்ஷெட் ஆகிய இந்த ஒன்பது பெயர்களையும் அந்நாட்டுப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர் டெய்சி பேட்ஸ். கணவரோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தியவர். கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் ஆர்கன்சாஸ் தலைவர். விளையாட்டு, பாடகர் குழு, மன்றம் எதிலும் சேரக் கூடாது என்று அந்த ஒன்பது பேருக்கும் பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு வெளியே நடக்கும் இவைதான் ஒரு பிள்ளை அந்தப் பள்ளிக்குச் சொந்தமாகும் வழி. அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கதவும் திறக்கவில்லை. 1957 செப்டம்பர் 2 அன்று ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், அமைதி காக்க என்று சொல்லி, மாநிலத் தேசியக் காவல்படையைப் பள்ளியைச் சுற்றி நிறுத்தினார். செப்டம்பர் 4 காலை ஒன்பது பேரும் ஒன்றாகச் செல்வதாக ஏற்பாடு. முந்தின இரவு அதைத் தொலைபேசியில் எல்லோருக்கும் தெரிவித்தார்கள். எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லை. பதினைந்து வயதுப் பெண். முதல் நாளுக்கென்று தானே தைத்த உடையை அணிந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு, நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினார். வெள்ளையின மாணவர்களுக்கு விலகி வழிவிட்ட காவலர்கள், அவர் வந்ததும் துப்பாக்கிகளைக் குறுக்கே நீட்டினார்கள். திரும்பி நடந்தார். பின்னால் கும்பல் கத்திக்கொண்டே வந்தது. அந்தக் காட்சியை வில் கவுண்ட்ஸ் எடுத்த படம் உலகமெங்கும் போனது. பார்க் தெரு முனையில் இருந்த பேருந்து நிறுத்தத்தின் இருக்கைப் பலகையில் போய் அவர் உட்கார்ந்தார். நியூயார்க் டைம்ஸ் நிருபர் பெஞ்சமின் ஃபைன் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொன்னார். கிரேஸ் லார்ச் என்ற வெள்ளையினப் பெண்மணி அவரைப் பேருந்தில் ஏற்றிக் கூடவே சென்றார்.

ஏறத்தாழ மூன்று வாரம் நீதிமன்றத்திலும் தெருவிலும் இழுபறி நடந்தது. நீதிபதி ரொனால்ட் டேவிஸ் உத்தரவிட்டபின் காவல்படை விலகியது. செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியே திரண்டு, கறுப்பினப் பத்திரிகையாளர்களை அடித்து உதைத்தார்கள். நண்பகலுக்குள் பிள்ளைகளை வேறு வழியாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 10730 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். 101ஆம் வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் அன்றிரவே வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் 25 காலை, படைவீரர் சூழ, தலைவாயில் படிகளில் ஏறி ஒன்பது பேரும் உள்ளே சென்றார்கள். இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்ற நான்கு சிலைகளுக்குக் கீழே, துப்பாக்கி முனைக் கத்திகளின் காவலில். அந்தக் காவலிலும் கறுப்பின வீரர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் படிக்கட்டோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அதற்குப் பின்வந்த எட்டு மாதங்கள்தாம் முக்கியம். ஒவ்வொருவருக்கும் ஒரு வீரர் காவல். ஆனால் வகுப்பறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளும் அவர் வர முடியாது. தள்ளுவது, உதைப்பது, துப்புவது, நெருப்புக் குச்சியைக் கொளுத்தி எறிவது எல்லாம் அங்கேதான் நடந்தன. எல்லா வெள்ளையின மாணவர்களும் அப்படி இல்லை. சிலர் புன்னகைத்தார்கள், சிலர் பாடக் குறிப்பைக் கொடுத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் எதையும் பார்க்காதவர்களைப் போல இருந்துவிட்டார்கள். பெண்கள் பகுதித் துணைத் தலைமையாசிரியர் எலிசபெத் ஹக்கபி, தனக்கு வந்த மிரட்டல்களைப் பொருட்படுத்தாமல் முடிந்தவரை அந்தப் பிள்ளைகளைக் காத்தார்.

டிசம்பரில் உணவுக்கூடத்தில் சில பையன்கள் நாற்காலிகளை இழுத்து வழிமறித்தபோது, மினிஜீன் பிரவுனின் தட்டிலிருந்த சூடான சில்லிக் குழம்பு இரண்டு பேர் தலையில் கவிழ்ந்தது. சற்று நேரம் கூடமே பேச்சற்றுப் போனது. பிறகு அங்கே வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள். மினிஜீன் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிப்ரவரியில், இன்னொரு தகராறில் திருப்பிப் பேசியதற்காகப் பள்ளியிலிருந்தே நீக்கப்பட்டார். 'ஒன்று போயிற்று, இன்னும் எட்டு' என்று அச்சிட்ட அட்டைகளை மாணவர் சிலர் பள்ளிக்குள் சுற்றவிட்டார்கள். மினிஜீன் நியூயார்க் சென்று படித்தார். அங்கே அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளத் தம்பதி. கறுப்பு வெள்ளைப் பொம்மைகளைக் கொண்டு குழந்தைகளிடம் அவர்கள் நடத்திய ஆய்வு, 1954 தீர்ப்புக்கு வழிகாட்டிய சான்றுகளில் ஒன்று.

1958 மே 27 அன்று பள்ளியின் குவிக்லி விளையாட்டரங்கில், பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கான பட்டமளிப்பு நடந்தது. அறுநூறு பேர் அளவில் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒரே கறுப்பினத்தவர் எர்னஸ்ட் கிரீன். மற்றவர்கள் பெயர் அழைக்கப்பட்டபோதெல்லாம் எழுந்த கைதட்டல், அவர் பெயருக்கு எழவில்லை. அந்த அமைதியில் அவர் நடந்து சென்று சான்றிதழை வாங்கிக்கொண்டார். பார்வையாளர் வரிசையில் அவர் குடும்பத்தோடு ஓர் இளம் பாதிரியார் அமர்ந்திருந்தார். அவர் மார்ட்டின் லூதர் கிங். கிரீன் பின்னாளில் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் ஆட்சியில் தொழிலாளர் துறை உதவிச் செயலாளரானார்.

அடுத்து நடந்ததுதான், உள்ளூர் நிர்வாகம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் இருண்ட பக்கம். 1958 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளை ஒன்றுசேர்ப்பதைத் தள்ளிப்போட முடியாது என்று ஒருமனதாகச் சொன்னது. உடனே ஆளுநர் லிட்டில் ராக்கின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 19,470 பேர் பள்ளிகளைச் சேர்ந்து நடத்துவதற்கு எதிராகவும், 7,561 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைவிடத் தங்கள் பிள்ளைகள் படிக்காமலே இருக்கட்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. 3,665 மாணவர்களுக்கு ஓராண்டு பள்ளி இல்லை. அந்த ஆண்டைத் 'தொலைந்த ஆண்டு' என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் தினமும் வந்து, வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறைகளுக்குப் பூட்டுப் போட்டவர்கள் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை மட்டும் நிறுத்தவில்லை. சென்ட்ரலின் 'டைகர்ஸ்' அணி ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளையினப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தனியார் பள்ளியிலோ, உறவினர் ஊரிலோ எப்படியோ படிப்பைத் தொடர்ந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. சென்ட்ரலின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். கும்பலின் படம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளின் படம் எங்கும் இல்லை.

ஊரை மீட்டதும் அதே உள்ளூர் வாக்குச்சீட்டுதான். அடோல்ஃபீன் ஃபிளெட்சர் டெர்ரி என்ற எழுபத்தைந்து வயதுப் பெருமாட்டியும் அவருடைய தோழியரும், பள்ளிகளைத் திறக்கக் கோரும் மகளிர் அவசரக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். 1959 மே 5 அன்று கல்வி வாரியத்தின் ஆறு உறுப்பினர்களில் மிதவாதிகள் மூவர் வெளிநடப்புச் செய்ய, மீதி மூவரும் 44 ஆசிரியர்களையும் அலுவலர்களையும் வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்தார்கள். நிறப் பிரிவினையை ஆதரிக்காதவர்கள் என்பதே அவர்கள்மீது இருந்த குற்றச்சாட்டு. அதுவரை வாய்மூடியிருந்த ஊர் அப்போது விழித்துக்கொண்டது. 'பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரையா நீக்குவது' என்ற கோபம் வீடு வீடாகப் பரவியது. மே 25 அன்று நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் அந்த மூவரும் பதவி இழந்தார்கள். ஜூனில் நீதிமன்றம் பள்ளிகளை மூடும் சட்டத்தைச் செல்லாதது என்றது. ஆகஸ்ட் 12 அன்று பள்ளிகள் திறந்தன. ஒன்பது பேரில் ஜெஃபர்சன் தாமஸும் கார்லொட்டா வால்ஸும் திரும்பி வந்து 1960இல் சென்ட்ரலிலேயே படிப்பை முடித்தார்கள். பட்டம் பெறுவதற்குச் சில மாதம் முன்பு கார்லொட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. மறுநாளும் அவர் பள்ளிக்குப் போனார்.

இனி இன்றைய பள்ளிக்கு வருகிறேன். 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். நம் ஊர்போல் ஒரே வகுப்பறையில் மாணவர் அமர்ந்திருக்க ஆசிரியர்கள் வந்துபோவதில்லை. அங்கே ஆசிரியருக்குத்தான் அறை. மணி அடித்ததும் மாணவர்கள் இடம் மாறுகிறார்கள். அவரவர் பாட அட்டவணை வேறு என்பதால், கணிதத்தில் பக்கத்தில் இருந்த தோழியை வரலாற்றில் காண முடியாது. பொதுத்தேர்வு ஒன்றில் வாழ்வே தொங்குவதும் அங்கே இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் அதற்கு அலகு சேரும். ஆர்கன்சாஸில் பட்டம் பெற 22 அலகுகள் வேண்டும். கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களுக்கு மட்டும் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு மே மாதத்தில் நடக்கிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. சென்ட்ரலில் இந்த ஏபி பாடங்கள் நிறையவே கிடைக்கின்றன. ஆர்கன்சாஸில் பிற பொதுப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அதுவே சென்ட்ரலின் பெரிய ஈர்ப்பு. பள்ளியின் நிறங்கள் பழம்பொன்னும் கறுப்பும்.

மாணவர்களில் பாதிக்கு மேல் இப்போது கறுப்பினத்தவர். பள்ளியின் பெரிய அரங்கம் ரூஸ்வெல்ட் தாம்சனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1980இல் இங்கே படிப்பை முடித்த கறுப்பின இளைஞர் அவர். மாணவர் தலைவர், கால்பந்து வீரர், யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்புக்கான ரோட்ஸ் உதவித்தொகையை வென்றவர். ஒருநாள் ஆர்கன்சாஸின் ஆளுநர் ஆவார் என்று பலர் நம்பியிருந்த நேரத்தில், 1984இல் சாலை விபத்தில் 22 வயதில் இறந்துபோனார். ஒன்பது பேரை உள்ளே விடாத கட்டடத்தின் அரங்குக்கு இருபத்தைந்து முப்பது ஆண்டில் ஒரு கறுப்பின மாணவரின் பெயர் வந்தது. இதைச் சிறிய மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் முழு மாற்றம் என்றும் சொல்ல முடியாது. ஒரே கூரையின் கீழ் இருப்பதும் ஒரே வகுப்பில் இருப்பதும் வேறு. ஏபி வகுப்புகளில் வெள்ளையின மாணவர் விகிதம் கூடுதலாகவும், சாதாரண வகுப்புகளில் கறுப்பின மாணவர் விகிதம் கூடுதலாகவும் இருப்பதைச் சென்ட்ரலின் ஆசிரியர்களும் மாணவர்களுமே பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். இது சென்ட்ரலுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. பிள்ளைகளின் நடுநிலைப் பள்ளி, பெற்றோரின் வசதி, வீட்டில் கிடைக்கும் நேரம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பு வாசலிலேயே அவர்களைப் பிரித்துவிடுகின்றன.

உள்ளூர் அதிகாரம் பற்றிய சண்டையும் ஓயவில்லை. 2015 ஜனவரியில் மாநிலக் கல்வி வாரியம், 48 பள்ளிகளில் ஆறு பள்ளிகள் பின்தங்கிவிட்டன என்று காரணம் சொல்லி, லிட்டில் ராக்கின் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தைக் கலைத்து நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஆறில் சென்ட்ரல் இல்லை. 1957இல் வசதியானவர்களின் புகலிடமாகத் திறந்த ஹால் பள்ளி இருந்தது. வசதியானவர்கள் அதற்குள் தனியார் பள்ளிகளுக்கும் புறநகர்களுக்கும் நகர்ந்துவிட்டிருந்தார்கள். ஊர் மக்கள் மீண்டும் தங்கள் வாரியத்தைத் தேர்ந்தெடுத்தது 2020இல். வாரியத்தால் எவ்வளவு தீமை நடந்திருந்தாலும், அது இல்லாத ஐந்தாண்டில் ஊர் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேச இடமின்றித் தவித்தது என்பதே என் கருத்து.

2023இல் இன்னொன்று நடந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் இயல் என்ற புதிய ஏபி பாடத்தைச் சோதனையாக நடத்த ஆர்கன்சாஸில் ஆறு பள்ளிகள் முன்வந்திருந்தன. சென்ட்ரல் அவற்றில் ஒன்று. பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கையில், அந்தப் பாடத்துக்கு மாநில அங்கீகாரம் கிடையாது என்று கல்வித் துறை தெரிவித்தது. அந்தக் கல்வித் துறையை நடத்தும் ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ், 2000இல் சென்ட்ரலில் படித்து முடித்தவர். லிட்டில் ராக் பள்ளி மாவட்டம் பின்வாங்காமல் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தியது. 2024இல் சென்ட்ரலின் ஆசிரியர் ஒருவரும் மாணவர்களும் பெற்றோரும், வகுப்பறையில் எதைப் பேசலாம் என்று கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டப் பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் பள்ளியில் நடந்த வரலாற்றைத் தங்கள் பள்ளியிலேயே படிக்க ஒரு மாணவி நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை.

நீங்கள் என்றாவது லிட்டில் ராக் சென்றால் பள்ளியைப் பார்க்கலாம். 1982இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1998இல் தேசிய பூங்காச் சேவையின் கீழ் வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. வகுப்புகள் நடக்கும் பள்ளி என்பதால் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. எதிர்ப்புறம் 2007இல் திறந்த பார்வையாளர் மையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் பூங்காக் காவலர் ஒருவர் அழைத்துச் செல்வார். அருகில் இருக்கும் பழைய பெட்ரோல் நிலையத்தையும் பாருங்கள். 1957இல் அங்கிருந்த தொலைபேசியில்தான் நிருபர்கள் செய்தி சொல்ல முண்டியடித்தார்கள். பள்ளியை ஒட்டிய தெருவுக்கு இப்போது டெய்சி பேட்ஸின் பெயர்.

பார்க் தெருவில் தெற்கே நடந்தால் 16ஆம் தெரு முனையில் பேருந்து நிறுத்த இருக்கைப் பலகை ஒன்று இருக்கும். எலிசபெத் எக்ஃபோர்ட் உட்கார்ந்த பலகையின் மாதிரி அது. சென்ட்ரலின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக ஒரு வேலை செய்துவருகிறார்கள். தங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு மூத்தவரிடம் போய், உரிமை மறுக்கப்பட்ட நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த நினைவுத் திட்டத்தைச் சேர்ந்த மாணவர்கள், ஊரார் சிலரோடு சேர்ந்து இந்தப் பலகையைச் செய்து, 2018 செப்டம்பர் 4 அன்று அதே முனையில் நிறுவினார்கள். எக்ஃபோர்ட் அந்த ஊரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். அறுபத்தோராண்டு கழித்து அன்று அவர் அங்கே வந்தபோது, சென்ட்ரலின் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள்.